வீட்டு வழியே ஓடிய பந்துவீச்சாளர்

பார்படோஸ் தீவில் கரும்புக் காட்டோரம் பிறந்து, பதினாறு காலடி ஓடிவந்து பந்து போடப் பழகி, வெஸ்ட் இண்டீஸ் அணிக்கு ஆடி, பதினெட்டு வருசத்தில் உலகத்தின் பாதி மட்டைக்காரர்களை நடையைக் கட்ட வைத்த ஆல்ரிக் போயருக்கு, விழுந்த ஒவ்வொரு விக்கெட்டுக்கும் ஓடிவரும் தூரம் ஒரு காலடி நீண்டுகொண்டே போனது. ஏன் என்று அவரும் கேட்கவில்லை, அவரைப் பெற்றவளும் கேட்கவில்லை. சிலருக்கு இருபது வயசிலேயே தலை நரைக்கிறது, சிலருக்குத் தூக்கத்தில் பேச்சு வருகிறது, அவருக்கு இப்படி. ஒரு காலடி குறைத்து ஓடினால் பந்து அவர் விரலை விட்டுக் கழன்று, பழுத்த கொய்யாப்பழம் மாதிரி பொத்தென்று காலடியில் விழுந்துவிடும். முழுக் கணக்கும் ஓடினால் மட்டும் அது எப்போது போனது என்று மட்டைக்காரருக்கே தெரியாது. பின்னால் ஸ்டம்ப் சாயும் சத்தம் கேட்டுத்தான் திரும்பிப் பார்ப்பார்.

நூறாவது விக்கெட்டில் அவர் எல்லைக் கோட்டுக்கு வெளியே போய் நின்றார். முந்நூறில், ஜனங்கள் உட்காரும் படிக்கட்டுக்கு அடியில் வழி வெட்டிக் கொடுத்தார்கள். அறுநூறில் வண்டி நிறுத்தும் இடத்திலிருந்து ஓடிவந்தார். எண்ணூறைத் தாண்டியபோது ஒரு ஊரில் மீன்சந்தை நடுவே அவர் ஓட்டம் தொடங்க, மீன்காரிகள் கூடையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒதுக்கி வழிவிட்டு, "பார்த்துப் போப்பா, வழுக்கும்" என்று அவர்கள் பாஷையில் சொன்னார்கள். மட்டைக்காரர்கள் அவர் வருவதற்குள் தண்ணீர் குடித்தார்கள், வீட்டுக்குக் கடிதாசி எழுதினார்கள், அம்பயர் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். ஆயிரத்து நூற்று இருபத்தேழாவது விக்கெட் விழுந்த அன்று காலடி ஆயிரத்து நூற்று நாற்பத்து மூன்று ஆனது. நின்ற இடத்திலிருந்து ஸ்டம்ப் கண்ணுக்கே தெரியவில்லை, ஆள் ஒருவர் கொடி அசைக்க வேண்டியிருந்தது. இனி உன் ஓட்டம் அடங்குகிற மைதானம் உலகத்தில் எங்கேயும் இல்லை என்று அணிக்காரர்கள் மரியாதையாக ஒரு கடிதம் கொடுத்தார்கள். அப்போது அவருக்கு முப்பத்தைந்து வயசு. மூச்சும் தோளும் முழங்காலும் அப்படியே இருந்தன, இடம்தான் இல்லாமல் போனது.

அதற்கப்புறம் அவர் பயிற்சியாளர் ஆனார். நாடு நாடாகப் போனார், கடைசியில் சென்னையில் ஒரு அகாடமிக்கு வந்தார். மணிக்கட்டை எப்படி வைக்கணும், முன்கால் எங்கே விழணும், எல்லாம் சொல்லுவார்; அவர் சொன்னபடி செய்தவர்கள் பெரிய ஆட்டக்காரர்கள் ஆனார்கள். ஆனால் "இதோ பார், இப்படி" என்று ஒரு பந்து போட்டுக் காட்ட அவரால் முடியாது. நீச்சல் சொல்லிக்கொடுக்கிற மனுசன் பதினோரு வருசமாகத் தண்ணீரில் கால் நனைக்காதது மாதிரி. வருசத்துக்கு ஒரு புதுப் பந்து வாங்குவார், துடைத்துப் பெட்டியில் வைப்பார். பதினோரு பந்து சேர்ந்திருந்தபோதுதான், அகாடமிப் பையன்களோடு தூத்துக்குடிக்கு ஒரு ஆட்டத்துக்குப் போன பேருந்தின் ஜன்னல் வழியே, மேடு பள்ளமில்லாமல், மரமில்லாமல், வானம் தரையைத் தொடுகிற வரைக்கும் பாய் விரித்த மாதிரி கிடந்த உப்பளத்தைப் பார்த்து, "ஸ்டாப்பு! வண்டிய நிறுத்துபா!" என்று எழுந்து நின்றார். பையன்கள் போனார்கள். அவர் இறங்கிவிட்டார்.

இறங்கின ஊர் தருவைக்கரை. கிழக்கே கடல்தண்ணீர் உள்ளே வருகிற மடை, மேற்கே மழைக்கு மட்டும் நிறையும் தருவை. மற்ற மாசமெல்லாம் அந்தத் தருவை வெடிப்பில்லாமல் இறுகிக் கிடக்கும், பந்து குதிக்க அதைவிட நல்ல தரை கிடையாது. மடையில் தொடங்கித் தருவையில் முடித்தால் கணக்குச் சரியாக ஆயிரத்து நூற்று நாற்பத்து மூன்று. நேர்கோட்டில் ஒரே ஒரு தடங்கல்தான், அது ஜெபக்கனியின் வீடு.

ஜெபக்கனி உப்பளத்தில் சுமை தூக்குகிறவள். இருபத்தேழு வயசு, ஒன்றரை வயசில் ஷைனி என்று ஒரு பெண்குழந்தை, உப்பு லாரி ஓட்டுகிற செல்வின் என்று ஒரு புருசன், எஸ்தர் என்று ஒரு மாமியார். வீடு கட்டி முடித்து எட்டு மாசம்தான் ஆகியிருந்தது. காற்று வரட்டும் என்று வாசலையும் பின்கதவையும் நேருக்கு நேர் வைத்திருந்தார்கள். அன்றைக்கு அவள் குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருக்க, ஆறரை அடி உயரத்தில் ஒரு ஆள் குனிந்து, வாசல் வழியே பார்த்து, பின்கதவு வழியே தருவை தெரிவதைக் கண்டு, முகமெல்லாம் பல்லாக நின்றார். தமிழை அவர் சென்னையில் மைதானத்துக்குத் தண்ணீர் விடுகிறவரிடம் கற்றிருந்தார்.

"தங்கச்சி, உன் வூட்டு வயியா ஓடிக்கவா? டெய்லி ஒரு தபா."

"என்னத்துக்கு ஓடணும்?"

"பந்து போட."

"எங்கேருந்து வாறீய?"

"மடைலேர்ந்து."

"அது இல்ல, எந்த ஊர்லேருந்து?"

"பார்படோஸ்."

"அம்மாடி! அங்கேருந்தே ஓடியா வாறீய?" என்றவள், அவர் காலைப் பார்த்தாள். ஆணி வைத்த செருப்பு. சிமெண்டுத் தரை புத்தம் புதுசு. "ஓடுங்கண்ணே, ஓடுறதுக்கு என்ன. ஆனா இந்தச் செருப்போட என் தரையில மிதிக்கக் கூடாது. நான் வாசல்லேருந்து பின்கதவு வரைக்கும் ஈரச் சாக்கு விரிச்சுப் போடுதேன், அதுக்கு மேலதான் மிதிக்கணும். அடுப்புப் பக்கம் சாயக் கூடாது. பிள்ள உறங்குனா சத்தம் போடக் கூடாது."

"ஒரு பேஜாரும் இல்ல தங்கச்சி."

"ஏட்டி, யாருன்னே தெரியாத மனுசன வீட்டுக்குள்ள கூடி ஓடச் சொல்லுத?" என்று எஸ்தர் உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள்.

"ஓடித்தானத்த போறாவ, உக்காந்து சோறா கேட்டாவ?"

அன்று சாயங்காலம் நாலரைக்கு ஆல்ரிக் போயர் மடையிலிருந்து புறப்பட்டார். எழுநூறாவது காலடி வாசலுக்கு வெளியே விழுந்தது, அடுத்த ஆறு காலடி சாக்கின் மேல் தப் தப்பென்று கேட்டது, அதற்கடுத்தது பின்படிக்கு அப்பால். அடுப்புச் சுவாலை ஒரு நிமிசம் மேற்கே சாய்ந்து நிமிர்ந்தது, காலண்டர் தாள் மூன்று மாசம் புரண்டது. குழந்தை கைதட்டியது. தருவையில் நட்டிருந்த ஸ்டம்பில் நடுவில் இருந்ததைக் காணோம். மறுநாள் பெண்கள் அதை அளத்து உப்புக் குவியலில் கண்டெடுத்தார்கள். பதினோரு வருசத்துக்கு அப்புறம் அவர் கையை விட்டுப் போன முதல் பந்து அது.

ஊர் ரெண்டு நாள் வேடிக்கை பார்த்தது, மூன்றாம் நாள் வேலைக்குப் போய்விட்டது. நாலரை மணிப் பேருந்து, "ஓட்டக்காரர் வரட்டும்" என்று மூணு நிமிசம் நின்று போனது. கோழிகள் நாலு இருபத்தைந்துக்கே ஒதுங்கிக்கொண்டன. கோயில் ஜெபத்தை ஐந்து மணிக்குத் தள்ளிவைத்தார்கள். வலது கையில்தானே பந்து, இடது கை சும்மாத்தானே வருகிறது என்று முதலில் கண்டுபிடித்தவள் எஸ்தர்தான். மேற்குத் தெருவில் இருக்கிற தம்பிக்குக் கருவாட்டுக் குழம்பைத் தூக்குவாளியில் ஊற்றி, வாசலில் நின்று அவர் கையில் மாட்டிவிட்டாள். தூக்குவாளி சிந்தாமல் போய்ச் சேர்ந்தது. அதற்கப்புறம் கிழக்குத் தெரு கல்யாணப் பத்திரிகை, ரேசன் கார்டு, கோவிச்சுக்கிட்டுப் போன பெண்டாட்டிக்கு முல்லைப்பூ, எல்லாம் அந்த இடது கையில் போனது. பஞ்சாயத்துத் தலைவர் பிச்சைமுத்து ஓட்டப் பாதையில் வேகத்தடை போட்டார், ஊர்ப் பெண்கள் சேர்ந்து அதைக் கொத்தி எடுத்தார்கள்.

சும்மா இருக்க அவருக்குத் தெரியாது. அளத்து வேலை விடியுமுன்னே தொடங்கி உச்சிக்கு முன் முடிந்துவிடும். சாயங்காலம் வேடிக்கை பார்க்க வந்த சுமைகாரப் பெண்கள் கையில் மட்டையும் பந்தும் கொடுத்தார். நாற்பது கிலோவைத் தலையில் வைத்து வரப்பில் நடக்கிற கால்கள் ஆயிற்றே, ரெண்டே மாசத்தில் பதினொரு பேர் சேர்ந்து அணியாகிவிட்டார்கள். எல்லாருக்கும் முன்னால் மட்டை பிடிக்கிறவள் ஜெபக்கனி. "தலை ஆடாது இவளுக்கு," என்று அவர் எல்லாரிடமும் சொன்னார். "ஷோக்கா நிக்கிறா. இந்த மாதிரித் தலய நான் மூணு பேர்கிட்டதான் பாத்துக்கிறேன்."

ஆனால் ஒன்று. அவர் தினமும் போட்ட பந்தெல்லாம் ஆள் நிற்காத ஸ்டம்புக்குத்தான். வெறும் ஸ்டம்பைச் சாய்த்தால் அது விக்கெட் ஆகாது. மட்டையோடு ஒரு ஆள் எதிரே நிற்க வேண்டும். பதினோரு வருசமாக நிற்கவில்லை. ஒரு நாள் பின்படியில் உட்கார்ந்து பால் ஊற்றாத தேத்தண்ணி குடிக்கும்போது, விக்கெட்டுக்கு ஒரு காலடி நீளும் தன் கணக்கை முழுக்கச் சொல்லிவிட்டு, அவரே சொன்னார்.

"ஒரே ஒரு பந்து தங்கச்சி. ஆள் நிக்கணும், நான் போடணும். அப்பால நான் சும்மா வாத்தியாரு இல்ல, பௌலரு. ஆனா யாரு நிப்பா?"

"நான் நிக்கேன்."

"பட்டா வலிக்கும்."

"பிள்ள பெத்தவட்ட வலியப் பத்திச் சொல்லாதீய. எனக்கும் ஒரு ஆசை இருக்குண்ணே. உங்க பந்து எப்படி வருதுன்னு ஒரு தடவ கண்ணால பாக்கணும். ஊரே பின்னாலேருந்து பாக்கு, முன்னாலேருந்து யாரும் பாத்ததில்ல."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்ததும் என்று பேசிக்கொண்டார்கள். அவர் பெட்டியிலிருந்து ஒரு பந்தை எடுத்து, இதுதான் என்று தனியே வைத்தார்.

ராத்திரிச் சாப்பாட்டில் செல்வின் தட்டைத் தள்ளிவைத்தான். "ஏதாவது பட்டுச்சுன்னா பிள்ளைய யாரு பாப்பா?"

"நீங்க டெய்லி லாரிய எடுத்துட்டுப் போறீய. நான் ஒரு நாளாவது இப்படிக் கேட்டுருக்கேனா? தட்ட இழுங்க, மீன் ஆறுது."

வியாழக்கிழமை மதில் எழும்பியது. மடைப்பக்கத்துப் பழைய அளங்களை வாங்கிய கம்பெனி, வாசலிலிருந்து பார்த்தால் மடையே தெரியாத அளவுக்கு, பத்தடி உயரத்தில், ஜெபக்கனியின் வீட்டுக்குக் கிழக்கே ஒரே நாளில் சிமெண்டுப் பலகைகளை நிறுத்திவிட்டது. எழுநூறு காலடி அந்தப் பக்கம் போய்விட்டது. பிச்சைமுத்து போய்ப் பேசினார். "அவங்க இடம், அவங்க மதில், ஓடுறதுக்குன்னு ஒரு கேட்டு வைக்கச் சட்டத்துல இடமில்லங்காவ" என்று வேட்டியை மடித்துக் கட்டியபடி திரும்பி வந்தார்.

அன்று நாலரைக்குப் பேருந்து பழக்கத்தில் மூணு நிமிசம் நின்றது. யாரும் ஓடிவரவில்லை. காலண்டர் புரளவில்லை. ஷைனி வாசலில் உட்கார்ந்து, கைதட்டத் தயாராக ரெண்டு கையையும் விரித்து வைத்துக்கொண்டே இருந்து, பிறகு அழுதது.

ஜெபக்கனி அவர் தங்கியிருந்த பழைய உப்புக் கிட்டங்கிக்குப் போனபோது, அவர் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார். மிச்சமிருந்த பந்துகளை வரிசையாக வைத்து, "நீங்கோ எடுத்துக்கோ. டீமுக்கு" என்றார்.

"எனக்கு இந்தப் பந்து ஒண்ணும் வேண்டாம். நீங்க போடுதேன்னு சொன்ன பந்துதான் வேணும்."

"வழி இல்ல தங்கச்சி. மைதானத்துல முடிஞ்சிச்சு, இங்கயும் முடிஞ்சிச்சு. பௌலருக்கு ரோடு நேரா இருக்கணும்."

"யாரு சொன்னா?"

அவர் யோசித்தார். அவரை ஆட வைத்தவர்கள், எழுதினவர்கள், கடிதம் கொடுத்தவர்கள் ஒருத்தரும் அதைச் சொன்னதாக ஞாபகமில்லை. எல்லாரும் நேராக ஓடினார்கள், அவரும் ஓடினார்.

"நாளைக்கு விடிய அளத்துக்கு வாங்க," என்றாள் ஜெபக்கனி. "செருப்பு வேண்டாம்."

பின்படிக்கும் தருவைக்கும் நடுவே, அவர் தினமும் ஓடின வண்டித்தடத்தின் ரெண்டு பக்கமும், கட்டம் கட்டமாக உப்புப் பாத்திகள். தடத்தில் நேரே போனால் நானூற்றுச் சொச்சம் காலடிதான், ஆனால் வரப்பு நேரே போகாது. ஒரு பாத்தியைச் சுற்றி மூலையில் திரும்பும், அடுத்ததைச் சுற்றி மறுபடி திரும்பும். அந்த வரப்பு ஒரு சாண் அகலம். ஜெபக்கனி அவர் தலையில் சும்மாடு வைத்து, சட்டி நிறைய உப்பு ஏற்றி, "என் பின்னால வாங்க" என்று முன்னால் நடந்தாள். முதல் மூலையிலேயே ஆறரை அடி மனுசர் உப்புத் தண்ணீரில் விழுந்தார். ரெண்டாவது மூலையில் உப்போடு விழுந்தார். அணிப்பெண்கள் வரப்பில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

"உடம்ப முதல்ல திருப்பாதீங்கண்ணே. பாதம் திரும்பட்டும். பொறவு இடுப்பு. தல கடைசியில. மேல இருக்க உப்புக்கு நாம திரும்புனதே தெரியக் கூடாது. அது பாட்டுக்கு நேராப் போறோம்னு நெனச்சுக்கிட்டு இருக்கணும்."

அவர் எழுந்து, சட்டியை மறுபடி தலையில் ஏற்றி நின்றார். முகத்திலிருந்து உப்புத் தண்ணீர் வடிய, தலைக்கு மேலே இருந்த சட்டியைக் கண்ணை உயர்த்திப் பார்த்தார். பிறகு தன் வலது கையைப் பார்த்தார்.

"பந்துக்கும்?" என்றார்.

"அதுக்கும் தெரியக் கூடாது."

"தங்கச்சி," என்றார். "முப்பத்தஞ்சு வயசுல என்ன வூட்டுக்கு அனுப்பினாங்கோ. மைதானத்த சுத்தி ஓடியிருந்தா இன்னும் ஆடியிருக்கலாம். இத்த ஒருத்தனும் சொல்லலியே."

"அவுங்கள்லாம் உப்பு சுமந்தவுங்க இல்லல்லாண்ணே," என்றாள் அவள். "நடங்க. இன்னும் ரெண்டு நாள்தான் இருக்கு."

வெள்ளி முழுக்க, சனி முழுக்க நடந்தார், பிறகு ஓடினார். சனிக்கிழமை சாயங்காலம் இருபத்தாறு மூலை திரும்பி, ஆயிரத்து நூற்று நாற்பத்து மூன்றையும் வரப்புக்குள்ளேயே மடித்து முடித்தபோது, தலையில் இருந்த சட்டியிலிருந்து ஒரு கல் உப்பு சிந்தவில்லை. முதல் காலடிக்கு நிற்கிற இடம், அளந்து பார்த்தால், ஜெபக்கனி வீட்டுப் பின்படி.

ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்ததும் ஊர் தருவை ஓரமாகக் கூடி நின்றது. பேருந்தும் வந்து நின்றது. அன்றைக்கு அதற்கு அந்த வழியே கிடையாது. அம்பயராக எஸ்தர் வெள்ளைச் சேலை கட்டி நின்றாள். வேறு ஆள் போடலாமே என்று பிச்சைமுத்து மெதுவாகச் சொல்லிப் பார்த்தார்.

"எம் மருமவளுக்கு நான் அவுட்டு குடுக்காம வேற எவன் குடுப்பான்? தள்ளி நில்லும்வே."

ஜெபக்கனி காலில் பேடு கட்டி, தலையில் ஹெல்மெட் மாட்டி, மட்டையைத் தரையில் ரெண்டு தட்டுத் தட்டி நின்றாள். செல்வின் தோளில் ஷைனி. தூரத்தில், பின்படியில், உயரமாக ஒரு உருவம் அசைந்தது. முதல் பாத்தியைச் சுற்றி மறைந்தது போல் இருந்து, திரும்பி, பெரிசாகி, மறுபடி பக்கவாட்டில் போய், மறுபடி திரும்பி, ஒவ்வொரு மூலையிலும் ஒரு பங்கு வேகம் கூட்டிக்கொண்டே வந்தது. பாத்தித் தண்ணீரில் அவர் நிழலும் கூடவே ஓடியது. நாற்பத்தாறு வயசு மாதிரி இல்லை. வெட்டின வாய்க்காலின் மூலையில் தண்ணீர் வளைந்து போகிற மாதிரி, தான் வளைந்ததே தெரியாத மாதிரி, கையில் இருந்த சிவப்புப் பந்தை ஏமாற்றி ஏமாற்றிக் கூட்டிக்கொண்டு அவர் வந்த அழகைப் பார்த்து, பயப்பட வேண்டும் என்பதையே ஜெபக்கனி மறந்துபோனாள். இருபத்தாறாவது மூலை. கடைசி இருபது காலடி நேர். கை உயர்ந்தது.

அவள் பார்த்தாள். சாகிற வரைக்கும் அதைச் சொல்லுவாள்: கையை விட்டதும் பந்து ஒரு நொடி நின்றது, தையல் நூல் ஒவ்வொன்றாக எண்ணுகிற மாதிரி தெரிந்தது, சுற்றாமலே நேராக அவளைப் பார்த்து வந்தது, தருவைத் தரையில் பட்டது, அங்கே கொஞ்சம் உள்பக்கம் திரும்பியது. பாதம் முதலில், இடுப்பு பிறகு, தலை கடைசியில் என்று அவள் சொல்லிக்கொடுத்த மாதிரியே அது திரும்பியது. அவள் தலை ஆடவில்லை. மட்டை சரியான இடத்துக்குத்தான் போனது, பந்து போனதற்கு அடுத்த நொடியில்.

பின்னால் சத்தம் கேட்டது.

எஸ்தர் ஒரு கணமும் யோசிக்காமல், முகமெல்லாம் சந்தோசமாக விரலைத் தூக்கினாள். ஊர் கத்திய கத்தலில் தருவைக்கு அந்தப் பக்கம் இருந்த கொக்குகளெல்லாம் எழும்பின.

ஆல்ரிக் போயர் கத்தவில்லை. ஓடிவந்து, "பட்டுச்சா? தங்கச்சி, எங்கியாவது பட்டுச்சா?" என்று கேட்டார்.

"ஒண்ணும் படலண்ணே. பாத்துட்டேன்," என்று ஹெல்மெட்டைக் கழற்றினாள் ஜெபக்கனி. வேர்வையும் சிரிப்புமாக இருந்தது முகம். "நல்லாவே பாத்துட்டேன்."

அப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்தது. விக்கெட். பதினோரு வருசத்துக்கு அப்புறம் ஒரு விக்கெட். அப்படியானால் இன்னும் ஒரு காலடி. ஒவ்வொரு விக்கெட்டும் தன்னை ஆட்டத்தை விட்டு ஒரு காலடி வெளியே தள்ளின ஞாபகத்தில், வரப்பு வழியே அவர் திரும்பி நடந்தார். ஊரும் பின்னாலேயே போனது. பின்படியில் போய் நின்று அளந்தார். அதற்கும் பின்னால் ஒரு காலடி வைக்க வேண்டும். அந்த இடம் வீட்டுக்குள் விழுந்தது. படிக்கு இந்தப் பக்கம் தயங்கி நின்று அவர் அவளைப் பார்த்தார்.

"எதுக்குண்ணே வெளியவே நிக்கிறீய, உள்ள வாங்க," என்றாள் ஜெபக்கனி.

கதவுக்கு உள்ளே, ஒரு காலடி அகலத்துக்கு மடித்து, ஈரச் சாக்கு விரித்திருந்தது. காலையில் காலுக்குப் பேடு கட்டும் முன்னாலேயே அவள் அதை விரித்து வைத்துவிட்டுத்தான் போயிருந்தாள்.